மருந்தறைக்கு வந்த வெள்ளை நாய்

காய்ந்த சருகை யாரோ மெல்லக் கசக்குவதுபோல் வெளியே ஒரு சடசடப்பு கேட்டது. செல்வலட்சுமி சல்லடையைக் கீழே வைத்தாள். கந்தக நெடியும் பங்குனி மதியத்தின் வறண்ட காற்றும் அடைந்து கிடக்கும் அந்தப் பட்டாசு மருந்துக் கலவை அறையின் அருகே எந்தெந்தச் சத்தம் எழக் கூடாது என்று பதினெட்டு வருடத்தில் அவள் காதுக்குத் தெரிந்திருந்தது. இது அதில் ஒன்று.

எட்டிப் பார்த்தாள். முதலாளி நல்லசிவம் காரை ஒட்டி நின்று தன் புது நாயைச் சீவிக்கொண்டிருந்தார். பனிநாட்டு ஸ்பிட்ஸ் ஜாதி. போட்டிக் கம்பெனிக்காரர் வீட்டு நாயைவிட ஒரு சாண் உயரம் என்பதைத் தவிர, அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. வீட்டில் அதற்குத் தனி ஏசி அறை. தினமும் குளியல், ஈரம் போகச் சூடான காற்று. தரை சுடுமே என்று நாலு காலிலும் ரப்பர் ஷூ. பெயர் ஸ்னோ. புது மத்தாப்புப் பெட்டியில் அச்சடிக்க அதன் படம் வேண்டுமாம். போட்டோக்காரர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

நைலான் பிரஷ் இறங்கும்போதெல்லாம் சடசட. சீவச் சீவ மயிர் படியவில்லை. நின்றது.

அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருந்தார்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் தரைக்கு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வெறுங்கால், பருத்தித் துணி. ஒரு பொறி பட்டால் ஆளை அடையாளம் காட்ட ஒன்றும் மிஞ்சாது. போன வாரம் நைலக்ஸ் சேலையில் வேலைக்கு வந்த யோகேஸ்வரியை இதே முதலாளிதான், உயிரின் அருமை பற்றி அரைமணி நேரம் பேசி, தாயில்பட்டிக்குத் திருப்பி அனுப்பினார்.

மற்ற மூவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பின்வாசலை ஆர்டர் பெட்டிகள் கூரைவரை அடைத்திருந்தன. மிச்சம் ஒரே வாசல்.

அதில் வெள்ளையாக ஏதோ நிறைந்தது.

“மொதலாளி, நாயக் கூப்பிடுங்க.”

“கடிக்காதும்மா. பச்சப்புள்ள அது.”

“தகட்டத் தொடாம வந்துருச்சு மொதலாளி.”

அவர் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “நாய்க்கும் சட்டம் பேசுதா பாத்தியா. நீ அசையாம நில்லும்மா, அது சிரிக்கும்.”

அவள் அசையவில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் நல்ல யோசனை.

ரப்பர் ஷூக்கள் ஓசையின்றி வந்தன. வால் காகிதக் குழாய்களைத் தடவிப் போனது. சட். எங்கிருந்து? ஒன்றும் ஆகவில்லை. அவள் முன்னங்கை ரோமங்கள் ஒவ்வொன்றாய் நாயின் பக்கம் எழுந்தன.

முதுகில் பெட்டி. பின்னால் இடமில்லை.

வலது கை மருந்துத் தட்டுக்கு மேலே நின்றது, மணிக்கட்டுவரை அலுமினியப் பொடி. இழுத்தால் விளையாட்டென்று நினைத்துத் தாவும். இழுக்காவிட்டால்.

நாய்க்கு அந்தக் கை பிடித்திருந்தது.

“சிரிக்குது, சிரிக்குது. எடுப்பா.”

உண்மையிலேயே சிரித்தது. கருத்த, ஈரமான மூக்கு நீண்டது. ஒரு சாண். நாலு விரல்.

வியர்வை இமையில் உருண்டது. இமைக்கவில்லை.

ஒரு விரல்.

மூக்கைச் சுற்றியிருந்த வெள்ளை மயிரெல்லாம் அவள் விரல்நுனியை நோக்கி நிமிர்ந்து நின்றது.