மாற்றுக் காப்பு

மாரிச்செல்வியின் மணிக்கட்டில் இருந்த காப்பு அன்று காலையிலிருந்து மூன்று முறை சிவந்துவிட்டது. வேர்க்கடலை ஒவ்வாமையை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. தெருவுக்குத் தெரு கடலை மிட்டாய்க்குப் பாகு காய்கிறது. அவள் சன்னல்களை அடைத்துவிட்டுப் பயந்து பயந்து மூச்சுவிட்டாள்.

இத்தனைக்கும் அது அவளுடைய ஒவ்வாமையே அல்ல. எட்டு வயது மகள் ஆதினியுடையது. ஒவ்வாமைமானி ஒரு சொட்டு ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்த அன்று மருத்துவர் மூடி மறைக்காமல் சொன்னார்.

"இத அழிக்க முடியாதும்மா. இடம் மாத்தலாம். ரத்த உறவு யாராவது வாங்கிக்கிடணும்."

தாய்க்கும் மகளுக்கும் ஆளுக்கொரு மாற்றுக் காப்பு மாட்டினார்கள். கடலையைப் பகையென்று நினைத்திருந்த காவல் அணுக்களின் நினைவை அது மகளிடமிருந்து உருவி, தாய்க்குள் செலுத்தியது. காப்பு வந்தபின், ஒவ்வாமை முற்றினால் போடும் அவசர ஊசியை யாரும் வாங்குவதில்லை. கடைகளிலும் கிடைப்பதில்லை.

பிள்ளை மனம் நோகுமே என்று மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. "ஒன் ஒவ்வாம செத்துப்போச்சுட்டி" என்று சொல்லிவைத்திருந்தாள்.

பள்ளி விட்டு வந்த ஆதினி சத்தமில்லாமல் பின்னால் வந்து அம்மாவின் கண்களைப் பொத்தினாள்.

"யாருட்டி அது, கைய எடு" என்று சிரித்தவளின் வாயில் எதையோ திணித்தாள்.

வெல்லமும் கடலையும். மாரிச்செல்வி துப்பினாள். அதற்குள் உதடு தடித்து, தொண்டை அடைத்துவிட்டது.

"எம்மா! என்ன செய்யுது?" ஆதினி அலறினாள்.

பிள்ளையின் கண்ணெதிரே சாகப்போகிறோமே என்ற பயம்தான் அவளை உலுக்கியது. காப்பு அதிர்ந்தது.

"உயிராபத்து. பொருத்தமான ரத்த உறவு அருகில் உள்ளது. ஒவ்வாமை மாற்றப்படுகிறது."

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். குரல் வரவில்லை. காப்பைப் பிடித்து இழுத்தாள். கழலவில்லை. மூச்சு குபுகுபுவென்று நெஞ்சுக்குள் இறங்கியது. காப்பு பச்சைக்கு மாறியது.

"எனக்கே திருப்பிக் குடு!" என்று கத்தினாள்.

"அடுத்த மாற்றம் நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு" என்றது காப்பு, பணிவாக.

மாரிச்செல்வி மகளின் தோள்களைப் பிடித்தாள். "ஏட்டி, நீயும் தின்னியா? எத்தன தின்ன?"

அம்மா பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் ஆதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு பாக்கெட்டும்மா. ஒனக்குன்னு ஒண்ணுதான் மிச்சம் வச்சேன்."