முப்பத்திரண்டாவது கை

தடாவில் பஸ் எங்களை இறக்கிவிட்டபோது மத்தியானம் மூன்று மணி. 1965, ஐப்பசி மாதம். மழை வருமா வராதா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. நான் அரசாங்கத்தில் அம்மை குத்துகிறவன். கூட வந்தவள் என் மனைவி ஜெயகுமாரி. வர மாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தேன். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களை அங்கே ஒரு பழைய கட்டடத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளையிடம் கை நீட்ட மாட்டோம் என்று அந்தப் பெண்கள் முந்தின நாளே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நர்ஸம்மாவோ லீவு.

ஊரில் அதற்குக் கூலி டிப்போ என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போகிற ஜனங்களை அடைத்து, உடம்பைச் சோதித்து அனுப்பிய இடம். நடுவில் நீளமான சுவர். அதில் மார்பு உயரத்தில் ஒரு ஓட்டை. பெண்கள் முகம் காட்டாமல் கையை மட்டும் அதில் நீட்டுவார்களாம். நல்லதாகப் போயிற்று என்று நானும் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டேன். அந்தப் பக்கம் ஜெயகுமாரி நின்று ஒவ்வொருத்தியாக அனுப்பினாள்.

வளையல் போட்ட கைகள், பச்சை குத்திய கைகள், வியர்த்த கைகள். என் பட்டியலில் முப்பத்தொரு பேர். முடிந்தது. பக்கத்து ஏரியிலிருந்து வந்த காற்றில் எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டே இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை ஏறியது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒருத்தி கீறா" என்றது ஜெயகுமாரியின் குரல்.

ஒரு கை வந்தது. ஒல்லியான, வளையல் இல்லாத கை. தொட்டால் சில்லென்றிருந்தது. அவசரத்தில் ஊசியைத் திருகி இரண்டு இடத்தில் குத்திவிட்டேன்.

ரத்தம் வரவில்லை.

"ஆச்சும்மா, எடுத்துக்கோ."

கை போகவில்லை. விரல்கள் மேசையில் தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தன.

"இன்னாங்க, யார்கிட்ட பேசிக்கினு கீறீங்க?"

குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வாசலில் ஜெயகுமாரி டீ கிளாஸோடு நின்றாள். "எல்லாரும் போயி அரை மணி ஆச்சு. உங்களுக்கு டீ வாங்கினு வரத்தான் போனேன்."

திரும்பிப் பார்த்தேன். ஓட்டையில் ஒன்றும் இல்லை.

வாட்ச்மேன் துலுக்காணம் என் முகத்தைப் பார்த்ததுமே என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அந்தக் காலத்துல குத்துன எட்டாம் நாளு வெள்ளக்கார தொர கையப் பாப்பாராம் சார். கொப்புளம் எழும்புனாத்தான் கப்பல். புருசனும் புள்ளையும் ஏறிட்டாங்க, ஒருத்திக்கு மட்டும் எழும்பவே இல்லியாம். மறுபடி மறுபடி குத்திக்கினு இங்கயே செத்தா. நீ குத்தலியே?"

"இல்லை" என்று பொய் சொன்னேன்.

பஸ்ஸில் ஜெயகுமாரி கை எரிகிறது என்றாள். ரவிக்கைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன். இரண்டு வட்டமான கீறல். என் கைவேலை எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊர் சித்தூருக்கு வந்தும் நான் தூங்கவில்லை. அம்மை குத்தியது எழும்பக் கூடாதே என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஜெபம் பண்ணினேன். அவளை இழுத்துக்கொண்டு போன என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. நான்காம் நாள் சிவந்தது. ஆறாம் நாள் நீர் கோத்தது. அவள் உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

எட்டாம் நாள் காலையில் துணி மூட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கையை நீட்டினாள்.

"நல்லா எழும்பிடுச்சு தொர. எம்புள்ள காத்துக்கினு இருப்பான். நான் ஏறலாமா?"

கூடாது என்றால் அந்தச் செத்தவள் இங்கேயே, இவள் உடம்பிலேயே இருப்பாள். ஏறு என்றால் என் ஜெயகுமாரியையும் கொண்டு போய்விடுவாள்.

பதினோரு வருடம் ஆகிறது. கொப்புளம் இன்னும் காயவில்லை. தினமும் விடிந்ததும் கையை நீட்டிக் கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.