பென்ஸ் பாய்ந்த வெள்ளிக்கிழமை

"ஐயோ...! என் புருஷன்...!"

அலறல் கேட்டுத் தெருவே ஓடி வந்தது. மலேசியாவின் கூலிமில் அந்த வெள்ளிக்கிழமை காலை அப்படித்தான் விடிந்தது.

போர்ச்சில் ரவிச்சந்திரன் செத்துக் கிடந்தான். வீட்டுச் சுவருக்கும் அவனுடைய பழைய கறுப்பு பென்ஸுக்கும் நடுவில் நசுங்கி... கையில் ஓர் எலுமிச்சம்பழம்!

இன்ஸ்பெக்டர் அட்ரியன் தொப்பியைக் கழற்றினார்.

"என்னம்மா நடந்துச்சு?"

மனைவி லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த பென்ஸ் காடிக்குப் புதுசா ரிமோட் ஸ்டார்ட்டர், ஆலாரம் எல்லாம் போட்டோம் சார். கண்ணு படக்கூடாதுன்னு டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிஞ்சாரு. காடி தானா ஸ்டார்ட் ஆகிப் பாஞ்சிருச்சு! ஆலாரம் கடைக்காரி ஷாமளாதான் ஏதோ செஞ்சி வச்சிருக்கா!"

"அவளுக்கு என்ன பகை?"

"அவ தம்பியை இவருதான் இடிச்சிக் கொன்னாருன்னு சொல்லித் திரிஞ்சா சார். கேஸ் நிக்கல. அந்த ஆத்திரம்!"

ஷாமளாவை அழைத்து வந்தார்கள். முப்பது வயது. கையில் கிரீஸ் கறை. பிணத்தைப் பார்த்தாள். காறித் துப்பினாள்.

"செத்தானா? நல்லா வேணும்!"

"வாயை அடக்கு! கயிறு உன் கழுத்துக்குத்தான் வரும்போல இருக்கு!"

"வரட்டும் சார். ஃபேக்டரி வேலை முடிஞ்சி மோட்டர் சைக்கிள்ல வந்த என் தம்பி வசந்தனை இதே காடியில அடிச்சிப் போட்டுட்டுப் போனான். 'அந்நேரம் அவரு என்கூட வீட்டுலதான் இருந்தாரு'ன்னு இந்தம்மா சத்தியம் பண்ணுச்சு. கேஸ் புட்டுக்கிச்சு. என் வயிறு இன்னும் எரியுது!"

"அதனால காடியில கைவரிசையைக் காட்டிட்டே?"

"கை துறுதுறுன்னுச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் வேலை சுத்தம் லா! இது மேனுவல் கியர் காடி. கியர்ல கிடக்கறப்போ ரிமோட்டை அமுக்கினா பாயும். அதுக்குன்னே ஒரு பூட்டு வச்சிருக்கேன். கியரை ஃப்ரீல போட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினாத்தான் ரிமோட் வேலை செய்யும். மறுபடி கதவைத் திறந்தா ரிமோட் செத்துடும். பிரிச்சிப் பாருங்க!"

போலீஸ் மெக்கானிக் பிரித்துப் பார்த்து அட்ரியனிடம் சொன்னார்.

"வயரிங் சுத்தமா இருக்கு, துவான்."

அட்ரியன் நெற்றியைத் தேய்த்தார்.

"பின்னே எப்படிப் பாஞ்சிச்சு?"

"டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பாருங்க சார்." ஷாமளா கை காட்டினாள்.

பார்த்தார். கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது!

"கதவைத் திறக்காம, ஜன்னல் வழியா கையை விட்டுக் கியரைத் தள்ளினா... பூட்டு ஏமாந்துடும்!"



அட்ரியன் மெல்லத் திரும்பினார்.

"லோகேஸ்வரியம்மா... இந்தப் பொண்ணுக்கு உங்க மேல ஆத்திரம்னு உங்களுக்கே தெரியும். கூலிம்ல வேற கடையே இல்லையா? ஏன் இவ கடையிலேயே காடியை விட்டீங்க?"

"அது... வந்து..."

"ரிமோட் எங்கே?"

சேலைத் தலைப்புக்குள் ஒளித்திருந்த கையை அவள் பின்னால் இழுத்தாள். ரிமோட் தரையில் விழுந்தது!

"ஆமா சார்! நான்தான் அமுக்கினேன்! தினம் நாயை அடிக்கிற மாதிரி அடிச்சான். அவன் செத்தா பழி இவ மேல போகும்னு நெனச்சேன்..."

விலங்கு மாட்டினார்கள். ஜீப் கிளம்பியது.

ஷாமளாவும் கிளம்பினாள். அட்ரியன் வழிமறித்தார்.

"நில்லு. இந்த ஜன்னல் விஷயம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

ஷாமளா முதல் தடவையாகச் சிரித்தாள்.

"காடியை எடுக்க வந்தப்போ கன்னம் வீங்கியிருந்துச்சு சார். 'குனிஞ்சிருக்கிற ஆளு மேல காடி பாயுமா'ன்னு கேட்டுச்சு. கஸ்டமர் கேட்டா சொல்லணும் இல்லையா? ஜன்னலைத் திறந்து வச்சிட்டு இப்படியெல்லாம் செஞ்சிடாதீங்கன்னு எச்சரிச்சேன்."

"எச்சரிச்சியா?!"

"நல்லா எச்சரிச்சேன். ஜன்னல் வழியா கையை விட்டுச் செஞ்சே காட்டினேன்!"



"அடிப்பாவி! அப்போ நீ..."

"அடிச்சவன் மேல போயிட்டான். பொய் சத்தியம் பண்ணவ உள்ள போறா. நான் கடைக்குப் போறேன் சார்... உங்க ஜீப்புக்கு ஆலாரம் வேணும்னா கொண்டு வாங்க!"