அவன் நன்றாகத் தூங்கிய பகல்

கணவனின் குறட்டை அவளுக்குத் தொந்தரவாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவன், கறுப்புத் திரை போட்ட அறையில் மதியம் இரண்டு வரை குறட்டை விடுவான். அவள் கூடத்தில் தையல் மெஷினை மிதித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால் அவள் காலும் நின்றுவிடும். பத்து எண்ணுவாள், இருபது எண்ணுவாள், பிறகு முங்கி எழுந்தவன்போல் அவன் ஒரு பெரிய மூச்சை இழுப்பான், குறட்டை தொடங்கும், கால் மறுபடி மிதிக்கும்.

அன்று முப்பத்தைந்து வரை எண்ணியும் மூச்சு வரவில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். வியர்வையும் தைல வாசனையும் கலந்த புழுக்கம் முகத்தில் அடித்தது. திரையின் ஓரத்தில் நுழைந்த வெயில் அவன் கழுத்தின்மேல் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில், தொண்டையின் ஒரு பக்கம் நான்கு குழிகள், மறுபக்கம் ஒன்று. பிசைந்த மாவை யாரோ பிடித்து அமுக்கியதுபோல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின, சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்திலிருந்து. கடைசியாகக் கட்டைவிரல். அவன் மூச்சை இழுத்தான்.

அவனிடம் சொன்னபோது சிரித்தான். "நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

இது வெறும் குறட்டை விஷயமாக இருந்தால் அவனை டாக்டரிடம் இழுத்துப் போயிருக்க முடியாது. ஒரு மாதத்துக்கு முன் கிரேன் கேபினில் அவன் மூன்று நொடி கண்ணயர்ந்ததில், தொங்கிக்கொண்டிருந்த இரும்புத் தூண் கீழே நின்ற கூட்டாளியின் காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. சத்தம் கேபின் வரை கேட்டது என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிகிச்சை எடுத்து, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் இனி மேலே ஏறலாம். அதுவரை கிடங்கில் காவல் வேலை.

தூக்கப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா பேசினார். "மணிக்கு ஐம்பத்தொரு தடவை உங்களுக்கு மூச்சு நிக்குது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைச்சுடுது. மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டா மெஷின் குழாய் வழியா காத்தை உள்ள தள்ளி வழியைத் திறந்தே வெச்சிருக்கும். உங்க அளவுக்கு அதுதான் சரி."

"தும்பிக்கையோட எப்படி டாக்டர் தூங்குறது? ஆபரேஷன் பண்ணிடுங்க. ஒரே வெட்டு, வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு என்னால சொல்ல முடியாது. வெட்டின பிறகும் சிலருக்குத் திரும்ப வரும். வாய்க்குள்ள மாட்டுற கிளிப் ஒண்ணு இருக்கு, கீழ்த்தாடையை முன்னால இழுத்துப் பிடிக்கும். ஆனா நோய் லேசா இருக்கிறவங்களுக்குத்தான் அது நல்லா கேக்கும். எப்படியும் எடையைக் குறைங்க, மல்லாந்து படுக்காதீங்க."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மூச்சு நிக்கும்போது கழுத்துல குழி விழுமா டாக்டர்?"

"உள்பக்கமா உறிஞ்சும். விழும்."

"அஞ்சு இடத்துலயா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் தூங்குங்கம்மா."

மாஸ்க் வேண்டவே வேண்டாம் என்றான் அவன். சரி, முதலில் செலவில்லாத வழியைப் பார்ப்போம் என்று அவள் அவனுடைய பழைய பனியனின் முதுகில் பை வைத்துத் தைத்து, உள்ளே ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுப் பையின் வாயைத் தைத்து மூடினாள். மல்லாந்தால் குத்தும், தானாகத் திரும்பிவிடுவான். "கூன் விழுந்துடுச்சு பாரு" என்று அவன் கண்ணாடி முன்னால் நடந்துகாட்டினான். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் உள்ளே ஏதோ விழும் சத்தம். மறுபடி. மறுபடி. அரிசி மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவதுபோல, ஒரே சீராக. அவள் ஓடியபோது அவன் மல்லாந்து கிடந்தான், கட்டிலின் நடுப்பலகை பிளந்திருந்தது. பனியனைத் தூக்கிப் பார்த்தாள். பந்து வெடித்துத் தட்டையாகிவிட்டிருந்தது. அது இருந்த இடத்தில், முதுகெலும்பின்மேல், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த ரத்தக்கட்டு.

"கனவுல எங்கிருந்தோ விழுந்தேன்" என்றான்.

அடுத்து கிளிப். பல் டாக்டர் அச்செடுத்து, அளவாகச் செய்து கொடுத்தது. முதல் நாளே காலை பத்து மணிக்கு, கல்தரையில் சிதறிய மணலை மிதிப்பதுபோல ஒரு நறநறப்பு. அவள் கதவைத் திறந்தாள். அவன் வாய் அவன் திறக்கக்கூடிய அளவைத் தாண்டித் திறந்திருந்தது. கீழ்த்தாடை கீழே இழுபட்டு, நின்று, மேலும் இழுபட்டது. கிளிப் இரண்டாக உடைந்து தெறித்தது. கூடவே இரண்டு பற்கள். தலையணை உறை நனைந்து, ரத்தம் காதுக்குள் வழிந்தது. அவள் அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள். எதிர்ப்பக்கத்தில் பலம் இருந்தது. அவன் தசையின் பலம் அல்ல. அவள் விரல்களுக்கு அது தெரிந்தது.

தூக்கத்தில் பல்லைக் கடித்திருக்கிறார், வேறொன்றுமில்லை என்றார் பல் டாக்டர்.

அன்று சாயங்காலம் அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. வீங்கிய வாயோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "ஆபரேஷன் பண்ணிக்கிறேன். சீக்கிரம் கேபின்ல ஏறணும். அந்தக் கூட்டாளியோட காலைப் பார்த்துட்டு வந்ததிலேருந்து கீழ நிக்கவே முடியல."

தொண்டையைத் திறந்துவைப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். மயக்கத்தில் கிடக்கும் உடம்பு, திறந்த கழுத்து. "ஒரே ஒரு நாள் அந்த மாஸ்க்கைப் போடுங்க. எனக்காக. சரிப்படலன்னா நானே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மெஷினை வாடகைக்கு எடுத்தார்கள். காலை எட்டரைக்கு அவளே வாரை அவன் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டினாள். தையல் பக்கம் போகவில்லை. கட்டிலருகே நின்றாள். காற்று மெல்ல இரைந்தது, புது ரப்பர் வாசனை வந்தது, அவன் கண்கள் மூடின. குறட்டை இல்லை.

ஒன்பதே காலுக்குக் கழுத்தில் குழிகள் விழுந்தன.

காற்று அவற்றை வெளியே தள்ளியது. மறுபடி விழுந்தன, இன்னும் ஆழமாக. மெஷினின் இரைச்சல் கூடியது. தோல் மேலெழும்பியது. வார்கள் இழுபட்டன. குழாய் துடித்தது. கட்டில் தரையைக் கீறிக்கொண்டு அரை அடி நகர்ந்தது. அவள் மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "விடு, விடு அவரை" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு எல்லாம் அடங்கியது.

அவன் மார்பு சீராக ஏறி இறங்கியது. பல வருடமாக அவள் பார்க்காத முகம், சுருக்கமே இல்லாமல். அவள் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள், அழுகை வந்தது, அழுதாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

கழுத்தில் ஏதோ பட்டது. லேசாக. சட்டைக்குக் காலர் அளவு எடுப்பதுபோல, ஒரு சுற்று.

அவள் திரும்புவதற்குள் இறுகியது.

கத்த வாயைத் திறந்தாள். காற்று இல்லை. கழுத்தைப் பிடித்தாள். பிடித்து விலக்க அங்கே எதுவும் இல்லை, அவள் தோலும் அதிலிருந்த குழிகளும்தான். நகம் தன் தசையிலேயே இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கிற்று. கையை வீசிக் கட்டிலைத் தட்டினாள். அவன் முன்கை அகப்பட்டது. கீறினாள். ஆழமாக. நான்கு கோடுகளில் ரத்தம் வந்தது. உதறினாள். இழுத்தாள்.

அவன் எழவில்லை.

"ம்ம்" என்றான், மாஸ்க்குக்குள்ளிருந்து. கையை உருவிக்கொண்டான். போர்வையை இழுத்து, மறுபக்கம் ஒருக்களித்துப் படுத்தான்.

அவளைத் தரையிலிருந்து தூக்கியது. எதிரே இருந்த பீரோவின் கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்தாள். கயிறில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தாள். கால்விரல்கள் தரையைத் தேடின. தரை ஒரு சாண் கீழே இருந்தது. அவளுக்குப் பின்னால் அவன் முதுகு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, தடையே இல்லாமல்.