பின்படியில் எண்ணெய்

காலை 6.20.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் இருக்கும் அந்தக் கல்லூரிப் பெண்கள் விடுதியில் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. விடுதியின் மாணவித் தலைவி இளவேனில் தினமும் ஆறு மணிக்கு மொட்டைமாடி ஏறித் தொட்டியைப் பார்த்துவிட்டு மோட்டார் போடுகிறவள். ஒரு நாள் பிசகினதில்லை. என்ன ஆச்சு என்று தேடிப் போனவர்கள் மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டின் அடியில் அவளைப் பார்த்தார்கள். பின்மண்டையில் ரத்தம். படியெல்லாம் எண்ணெய். மூச்சு மட்டும் இருந்தது.

8.05.

இன்ஸ்பெக்டர் லூர்துராணி காபி குடிக்காமல் வந்திருந்தாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஆம்புலன்ஸ் போய்விட்டது. படியில் இளவேனிலின் ரப்பர் செருப்புகள் திசைக்கொன்றாகக் கிடந்தன. புரட்டிப் பார்த்தாள். அடியில் வெறும் தூசி. கடைசிப் படியில் ரத்தம் திட்டாக உறைந்திருந்தது. அதன்மேல் எண்ணெய் மிதந்தது. விரலில் தொட்டு மோந்தாள். பஜ்ஜி சுட்ட வாசனை.

வார்டன் ரங்கநாயகி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினாள். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. விளிம்பில் ‘யாழினி, முசிறி’ என்று பேர் வெட்டியிருந்தது.

“இதுதான் படியில கெடந்தது. நேத்தி வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளிச்சுட்டு வந்து எங்கிட்ட பூ வாங்கி வெச்சுண்டா இளவேனில். இன்னிக்கு இப்படி. ரங்கநாதா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாழினி அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். மத்தியானம் வந்து கூட்டிண்டு போகட்டும்.”

“அதுக்குள்ள தீர்ப்பே எழுதிட்டீங்களா?” என்றாள் லூர்துராணி.

8.40.

அந்த விடுதியில் மாணவிகளுக்கே வேலை உண்டு. மெஸ்ஸில் பரிமாறுவது, வாசல் மேஜையில் உட்காருவது, தலைவி பதவி. வேலை கிடைத்தவளுக்கு விடுதிக் கட்டணம் கிடையாது. யாழினி காலையும் ராத்திரியும் பரிமாறுகிறவள். அந்த வேலை போனால் அவள் படிப்பும் அன்றோடு சரி. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

“கிண்ணம் உன்னுதா?”

“ஆமாங்க மேடம். நேத்து சாப்பிட்டுட்டுக் கழுவி மெஸ்லயே கவுத்தேங்க.”

“அடுத்த வருஷத் தலைவிக்கு நீயும் எழுதிக் குடுத்திருக்கியாமே. இளவேனிலோட போட்டியா?”

“அவளுக்கு இது கடைசி வருஷங்க. அவதான் என்னை எழுதச் சொன்னா.”

“நேத்து சாயங்காலம் அவ ரூம்ல அஞ்சு பேர் உட்கார்ந்து என்ன பண்ணீங்க?”

யாழினியின் கண் வாசல் பக்கம் போய் வந்தது. அங்கே விடுதி மேலாளர் ரஞ்சித் நின்றிருந்தான். கையில் காபி டம்ளர்.

“ஒண்ணும் இல்லீங்க,” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

9.10.

ரஞ்சித்துக்கு நாற்பது வயது இருக்கும். சிரித்த முகம். எந்தப் பெண்ணுக்கு எந்த வேலை என்று கையெழுத்துப் போடுகிறவன் அவன்தான்.

“ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“வாசல் ஆபீஸ் ரூம்ல மேடம். பொண்ணுங்க பிளாக், பின்படிப் பக்கமே நான் போறதில்ல. இன்னிக்குக்கூடக் கூட்டத்துல நமக்கென்ன வேலைன்னு இங்கயே நின்னுட்டேன்.”

“அவ எப்படி விழுந்திருப்பா?”

“சனிக்கிழமையாச்சே. தொட்டியைப் பாக்க ஏறும்போதே எண்ணெய் தேச்சுக்கிட்டு இளவெயில்ல நிக்கலாம்னு கிண்ணத்தோட போயிருக்கும். வழுக்கிடுச்சு. இல்லாட்டி இந்த யாழினியே ஊத்தி வெச்சிருக்கலாம். பதவி ஆசை யாரை விட்டுச்சு.”

“ரெண்டையும் நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு வேலையே வைக்கல,” என்று சொல்லிவிட்டு லூர்துராணி அவன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். ஒரு வாய் கேட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. கேட்கவில்லை.

11.15.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இளவேனிலுக்கு ஆபரேஷன் முடிந்தது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும். லூர்துராணி மூன்று பேரையும் ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னாள்.

“எண்ணெய்ல வழுக்கினவ செருப்புல எண்ணெய் இருக்கணும். இல்ல. ரத்தம் உறைஞ்ச பிறகுதான் எண்ணெய் மேல விழுந்திருக்கு. ஆக, அவ வழுக்கல. யாரோ தள்ளிட்டு, அப்புறம் ஊத்தியிருக்காங்க. எண்ணெய் மெஸ்ல பஜ்ஜி போட்ட எண்ணெய். கிண்ணம் மெஸ்ல கவுத்திருந்த கிண்ணம். யாழினி இதைச் செஞ்சிருந்தா தன் பேர் வெட்டின கிண்ணத்தையா போட்டுட்டுப் போவா? அவ்வளவு அசடா?”

“அப்ப யாரு?” என்றாள் ரங்கநாயகி.

“மாமி, இந்த பிளாக்ல பிள்ளைங்க என்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கும்?”

“வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் வெந்நீர் போடுவோம். பொம்மனாட்டிகளுக்கு வெள்ளி, செவ்வாய்தானே வழக்கம்.”

“சனிக்கிழமை?”

“அது ஆம்பிளைகளுக்கு.” சொன்ன பிறகுதான் ரங்கநாயகிக்கு உறைத்தது. மெதுவாக ரஞ்சித் பக்கம் திரும்பினாள்.

“அதான். நேத்து தலைக்குக் குளிச்ச பொண்ணு இன்னிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோட ஏறினான்னு இந்த பிளாக்ல ஒருத்தியும் ஜோடிக்க மாட்டா. தன் வீட்டு வழக்கத்தை நினைச்சு ஒரு ஆம்பிளை ஜோடிச்சது இது. ரஞ்சித், செருப்பைக் கழட்டுங்க.”

அவன் அசையவில்லை. கூட வந்திருந்த பெண் கான்ஸ்டபிள் குனிந்து கழற்றினாள். அடியில் வரிகளுக்குள் எண்ணெய் ஏறியிருந்தது.

“மெஸ்ஸுக்குப் போற கால் மேடம், எண்ணெய் ஒட்டத்தான் செய்யும்.”

“எண்ணெய் ஒட்டும். இந்தச் சிவப்பு எங்க ஒட்டுச்சு? பின்படிப் பக்கமே போகாத ஆளாச்சே நீங்க.”

அவன் சிரிப்பு அப்போதும் போகவில்லை. “லேப்ல பாக்கட்டும். அந்தப் பொண்ணைத் தள்ள எனக்கென்ன காரணம்? ஏம்மா யாழினி, பாத்துப் பேசு. உன் வேலைக்கு நான்தான் கையெழுத்து.”

மெஸ்ஸில் யாரோ தட்டு அடுக்குவது கேட்டது.

“காரணம் எனக்குத் தெரியும்,” என்றாள் யாழினி. “வேலை வேணும்னா ஞாயித்துக்கிழமை தனியா ஆபீசுக்கு வான்னு கூப்பிடுவாருங்க. போகலேன்னா பேரை அடிச்சிடுவாரு. நாங்க அஞ்சு பேர் எழுதி இளவேனில்கிட்ட குடுத்தோம். பேர் போடல, பயமா இருந்துச்சு. இன்னிக்குப் பத்து மணிக்கு பிரின்சிபால்கிட்ட குடுக்குறேன்னா. இவருக்கு எப்படியோ தெரிஞ்சுடுச்சு. அவ மட்டும்தாங்க பயப்படல.”

“அந்தக் கடிதாசு எங்க?” என்றான் ரஞ்சித்.

லூர்துராணி கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் போய் மெஸ் அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தாள். கடிதம் இருந்த கவர் அங்கே சாம்பலாகியிருந்தது.

“பாத்தீங்களா,” என்றான் அவன்.

ரங்கநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். “என் கண்ணு முன்னாடி இத்தனை நடந்திருக்கு. நான் இந்தக் கொழந்தையைப் போய் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன்.”

யாழினி மேஜைக்குப் போனாள். ரஞ்சித்தின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் பேனாவையே எடுத்தாள். அப்பா பஸ் ஏறியிருப்பார், ஊரெல்லாம் பேசும், எல்லாம் அவளுக்குத் தெரியும். தாளின் உச்சியில் தன் முழுப்பேரும், அப்பா பேரும், ரூம் நம்பரும் எழுதினாள்.

ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பியபோது வாசலில் மற்ற நாலு பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். லூர்துராணி கான்ஸ்டபிளைப் பார்த்து, “இன்னும் நாலு தாள் எடுத்துட்டு வா,” என்றாள்.