இரண்டு வாய் ஏறிய வள்ளம்

வள்ளத்தைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"வடக்கதான் போவணும்," என்றார் கஸ்பார். "நீவாடு நேத்துல இருந்து தெக்க இருந்து வடக்காம ஓடுது. வல எறக்குன வள்ளத்த தண்ணிதான் இழுக்கும்."

"தெக்க போவணும்," என்றான் இன்னாசி. "வாடக் காத்து இந்தப் போடு போடுது. இஞ்சின் நின்ன வள்ளத்த காத்துதான் தள்ளும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"அப்ப நான் சின்னப் பிள்ளையவிடக் கேடு. அப்படித்தான?"

"நான் அப்படிச் சொல்லல மாமா. நீங்களா எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

இருவருக்கும் நடுவில் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றான் சிலுவை. கேன் கனத்தது. அதைவிட, புன்னைத்துறைக் கரை முழுவதும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது அதிகமாகக் கனத்தது.

முந்தைய நாள் விடியலில் அவன் அண்ணன் தொம்மை சின்ன வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனான். போன இடம் கொம்பன் மடை. கரை கண்ணுக்குத் தெரியாத தூரம். மீன் கூடும் இடம். நங்கூரக் கயிறு தரை தொடாத ஆழம். மதியம் வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. "இஞ்சின் நின்னுபோச்சு. கொம்பன் மடையில கெடக்கேன்." அவ்வளவுதான். அதன்பிறகு கரகர சத்தம்; பிறகு அதுவும் இல்லை. ஓர் இரவு கழிந்துவிட்டது. மற்ற வள்ளங்கள் கரையோரமாகத் தேடிக்கொண்டிருந்தன. இந்தக் காற்றில் ஆழத்துக்குப் போகத் தாங்கும் வள்ளம் தொம்மையின் வீட்டுப் பெரிய வள்ளம் ஒன்றுதான். அதனால் ஊர் கூடிச் சிலுவையிடம் சொல்லிவிட்டது: உன் வள்ளம், உன் அண்ணன், பொறுப்பும் உனக்கு.

நேற்றுவரை அண்ணன் 'இழு' என்றால் இழுத்து, 'விடு' என்றால் விட்டவன் அவன். இன்றைக்குத் திடீரென்று தலைவன்.

கூட வருபவர்களோ இப்படி. கஸ்பார், அம்மாவுடன் பிறந்த மாமா. அலையின் நிறத்தைப் பார்த்தே நீவாட்டைச் சொல்லிவிடுவார். கடலுக்கு அடியில் ஓடும் அந்த நீரோட்டம் அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி. இன்னாசி, தொம்மையின் மனைவி ரீத்தாவுடன் பிறந்தவன். இஞ்சினும் ஜிபிஎஸ்ஸும் அவன் கையில். கடலில் எதையும் நம்ப மாட்டான், காற்றைத் தவிர. தொம்மை என்றால் இருவருக்கும் உயிர். அதனால்தான் ஒருவர் பேச்சை ஒருவர் பொறுக்க முடியவில்லை.

"கொம்பன் மடைக்கே நேரா போயிப் பாத்தா என்ன?" என்று மெல்லக் கேட்டான் சிலுவை.

இருவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு ராத்திரி போயிட்டுலே. இஞ்சின் இல்லாத வள்ளம் ஒரே எடத்துல ஒக்காந்திருக்க அது என்ன கோயிலா?" என்றார் கஸ்பார்.

"இருக்க எண்ணெய வீணாக்காத சிலுவ," என்றான் இன்னாசி.

காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரே விஷயத்தில்தான். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னதால் சிலுவையும் அதை மறுபடி யோசிக்கவில்லை.

ரீத்தா தண்ணீர்க் குடத்தையும் சோற்றுச் சட்டியையும் வள்ளத்துக்குள் வைத்தாள். அழுது முடித்த முகம். "மூணு பேரா போறிய. நாலு பேரா வாங்க," என்றாள்.

பயத்தை மறைக்கத்தான் சிலுவை குரலை உயர்த்தினான். "கடல்ல ஒரே வாய்தான் பேசணும். அது என் வாய். மாமா பெரியவரு, மொதல்ல வடக்க போவோம். ஏறுங்க."

சொன்னபோது அண்ணன் சொன்னது போலவே இருந்தது. அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

வள்ளம் வடக்கே பாய்ந்தது. பாய்ந்தது என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் குதித்தது. அன்றைக்குக் கடல் நீண்டு உருளவில்லை. குட்டை குட்டையாக, செங்குத்தாக எழும்பி, வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் வந்து அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் பல் கிட்டித்தது. சிலுவை சுக்கானைப் பிடித்த கையை மாற்றி மாற்றிப் பிடித்தான். நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். தண்ணீர், தண்ணீர், நுரை. கறுப்பாக எதைப் பார்த்தாலும் நெஞ்சு துள்ளியது. மூங்கில் கட்டை. கடற்காகம். மறுபடியும் தண்ணீர்.

"எண்ணெதான் எரியுது," என்று இஞ்சினிடம் சொல்வது போலச் சொன்னான் இன்னாசி.

"யாருக்குலே சொல்லுத?" என்றார் அணியத்திலிருந்த கஸ்பார்.

"இஞ்சினுக்கு."

"இஞ்சினுக்குக் காது உண்டா?"

"உங்களுக்கு இருக்கது போல இதுக்கும் இருக்கு. ரெண்டும் நான் சொல்லுததக் கேக்கவா செய்யிது?"

கஸ்பார் எழுந்துவிட்டார். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. சிலுவைக்குள் காலையிலிருந்து சேர்ந்திருந்த பயம் முழுவதும் கோபமாக வெளியே வந்தது. "வாய மூடுங்க ரெண்டு பேரும்! இனி ஒருத்தரும் ஒரு சொல்லு பேசக் கூடாது. நான் கேட்டா ஒழிய."

வடக்கே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போயாயிற்று. ஒன்றும் இல்லை. சிலுவை சுக்கானைத் திருப்பினான். "இனி தெக்க," என்றான். கொம்பன் மடையைக் கிழக்கே வெகுதூரம் ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழியில் தெற்கே விட்டார்கள்.

இப்போது வள்ளத்தில் அமைதி. அணியத்தில் ஒரு முதுகு, இஞ்சின் பக்கம் ஒரு முதுகு. முதலில் சிலுவைக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. தலைவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அந்த அமைதி அரிக்கத் தொடங்கியது. கஸ்பார் தண்ணீரைப் பார்ப்பார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், விழுங்கிக்கொள்வார். இன்னாசி ஜிபிஎஸ்ஸைப் பார்ப்பான், புருவத்தைச் சுருக்குவான், திரையைத் துணியால் மூடிவிடுவான்.

சூரியன் மேற்கே சாய ஆரம்பித்தது. தெற்கிலும் ஒன்றும் இல்லை. கடைசிக் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான் சிலுவை. கரை திரும்பவும், நடுவில் எங்காவது ஒரே ஒரு இடம் போய்ப் பார்க்கவும் மட்டும் போதும். அந்த இடம் தவறினால் ரீத்தாவின் முன் மூன்று பேராகப் போய் நிற்க வேண்டும்.

"இஞ்சின நிறுத்து," என்றான்.

சத்தம் அடங்கியதும் அலை வள்ளத்தைத் தாறுமாறாக உலுக்கியது. சிலுவை இன்னாசியைப் பார்த்தான். "அந்த மிசினப் பாத்து மூஞ்சியச் சுளிச்சியே, என்ன பாத்த?"

இன்னாசி திரைமேல் கிடந்த துணியை இன்னும் இழுத்துவிட்டான்.

"கேக்கேம்லா."

"பேசாதன்னு நீதான சொன்ன?" கொஞ்சம் தயங்கினான். "தெக்க வரும்போது காத்து நமக்குப் பின்னால. வள்ளம் பறக்கணும். பறக்கல. ஏதோ புடிச்சு இழுக்கது போல மெதுவாத்தான் வந்துச்சு. அதச் சொன்னா மாமா சொன்ன நீவாடு சரின்னு ஆயிரும். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"மாமா, நீங்க என்ன பாத்திய?"

கஸ்பார் மீசையைத் துடைத்துக்கொண்டார். "காத்து நான் நெனச்சதவிடக் கூடுதல்லே. வல எறக்காத வெறும் வள்ளமா இருந்தா நீவாட்ட மீறித் தூக்கிட்டுப் போயிரும். வடக்க போவும்போதே தெரிஞ்சுது. காத்து காத்துன்னு நின்ன இவன்கிட்ட யாரு சொல்லுவா?"

பாதி நாளாக இந்த வள்ளத்தில் இரண்டு உண்மைகள் வாய்மூடி உட்கார்ந்திருந்தன. மூட வைத்தவன் சிலுவைதான்.

"தப்பு எம்மேல," என்றான். "இப்பப் பேசுங்க. சண்ட போடுங்க. ஆனா மாமா, நீங்க காத்துக்காகப் பேசணும். இன்னாசி, நீ நீவாட்டுக்காகப் பேசு."

"கிறுக்குப் புடிச்சிட்டாலே உனக்கு?"

"புடிச்சிட்டுன்னே வச்சிக்கிடுங்க. நேரம் இல்ல. பேசுங்க."

இன்னாசிதான் முதலில் தொடங்கினான், வேண்டா வெறுப்பாக. "தொம்மை மச்சான் வலய அறுத்துவிடுத ஆளு இல்ல. காத்து தெக்க தள்ளுதுன்னு தெரிஞ்சா தெக்க போனா யாரு கண்ணுலயும் படாம சாவுன்னும் தெரியும். அப்ப என்ன செய்வாரு? இருக்க வல முழுக்கத் தண்ணியில எறக்குவாரு. தண்ணி வலயப் புடிச்சு வடக்க இழுக்கும்." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் திகைத்தான்.

"இழுக்கும்," என்றார் கஸ்பார். "ஆனா வள்ளத்தோட ஒடம்பு தண்ணிக்கு மேலல்லா நிக்கி. அத வாட தெக்க தள்ளும். விடாது. நீவாடு இந்தப் பக்கம், காத்து அந்தப் பக்கம். அதனாலதான் இன்னிக்கு அலை இப்படி குத்திக்கிட்டு நிக்கி. ஒண்ணுக்கொண்ணு முட்டுதுல்லா..."

அவர் நிறுத்திவிட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து இந்த அலைதான் அவர்கள் பல்லைக் கிட்டிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தன் வடக்க இழுத்து, ஒருத்தன் தெக்க தள்ளுனா," என்று மெதுவாகச் சொன்னான் சிலுவை, "வள்ளம் எங்க போவும்?"

"எங்கயும் போவாது," என்றான் இன்னாசி.

"உறுதியா?"

"உறுதி எப்படிச் சொல்ல? பாக்கணும்."

"பாப்போம். வலய எறக்குங்க."

மூவரும் வள்ளத்திலிருந்த வலையை அள்ளி அள்ளிக் கடலில் தள்ளினார்கள். கயிறு விறைத்தது. வள்ளம் ஒரு முறை திமிறியது. பிறகு தறியில் கட்டிய மாடு போல அங்கேயே நின்று ஆடியது. இன்னாசி ஜிபிஎஸ்ஸின் மேல் குனிந்துகொண்டான். கஸ்பார் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து அவர்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

"நம்பர் நகர மாட்டேங்கு," என்றான் இன்னாசி. "லேசா அசையுது. திரும்ப அங்கனயே வருது."

சிலுவை வலைக்கயிற்றைப் பற்றி இழுக்கத் தொடங்கிவிட்டான். "கொம்பன் மடைக்கு விடு. அண்ணன் சொன்ன எடத்துலதான் இருக்கான். அவன் எங்கயும் போவல. நாமதான் ஊரு சுத்துனோம்."

கடைசிக் கேனின் எண்ணெய் இஞ்சினுக்குள் இறங்கியது. வள்ளம் குத்தி நின்ற அலைகளில் ஏறி ஏறி விழுந்தது. சிலுவை அணியத்தில் நின்று கண் எரிய எரியப் பார்த்தான். இது பொய்த்துவிட்டால்? வலை அறுந்திருந்தால்? நேரம் போனது. தண்ணீரின் நிறம் மாறியது. மடை வந்துவிட்டது, வள்ளம் இல்லை.

"அங்கன," என்றார் கஸ்பார்.

ஓர் அலை உயர்ந்தபோது துடுப்பு ஒன்று தெரிந்தது. துடுப்பின் உச்சியில் சிவப்புச் சட்டை. அடுத்த அலையில் மறைந்தது. மறுபடி தெரிந்தது.

சிலுவை அழுதான். மறைக்கவில்லை.

"வடக்க இருந்து போ," என்று கத்தினார் கஸ்பார். "நம்ம வள்ளம் காத்த மறச்சா அவனுக்கு அலை அடங்கும்."

"வடக்கதான வல கெடக்கு," என்று இன்னாசியும் கத்தினான். "அது இஞ்சின் காத்தாடியில சுத்திக்கிட்டா நம்ம இஞ்சினும் போச்சு."

காலையாக இருந்தால் சிலுவை இருவரையும் அதட்டியிருப்பான். இப்போது காது கொடுத்தான். "வல எம்பூட்டு தூரம் கெடக்கும் மாமா?"

"மெதப்பு தெரியிதுல்லா, அது மட்டும்."

"அப்ப தெக்க இருந்து காத்த எதுத்துப் போறோம். மாமா, காத்துக்கு எதுர கயிறு எறிய வேண்டியிருக்கும். எறிவியளா?"

"எறியாம?"

முதல் வீச்சைக் காற்று திருப்பி அவர் முகத்திலேயே அடித்தது. இரண்டாவது வீச்சில் கயிறு சின்ன வள்ளத்துக்குள் விழுந்தது. உப்புப் பூத்த கை ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது.

தொம்மையை ஏற்றினார்கள். உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் கொவ்வைப் பழம். தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தான். அவன் வள்ளத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வேதனையும் வரும். வலை, தார்ப்பாய், நங்கூரம், சோற்றுப் பானை என்று கட்ட முடிந்த எல்லாவற்றையும் கட்டிக் கடலில் தொங்கவிட்டிருந்தான்.

"காலையிலயே வருவியன்னு பாத்தேன்," என்றான் தொம்மை. "எடம் சொன்னேம்லா?"

மூவரும் கடலைப் பார்த்தார்கள்.

சின்ன வள்ளத்தை இழுத்துக்கொண்டு கரை திரும்பும்போது சூரியன் அடிவானத்தைத் தொட்டிருந்தது. பாதி வழிவரைதான் அமைதி. "இருந்தாலும் வல இல்லன்னா தெக்கதான் போயிருக்கும்," என்று ஆரம்பித்தான் இன்னாசி. "வலதான் இருந்துச்சே," என்றார் கஸ்பார். சிலுவை சுக்கானைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அந்தச் சண்டை அவன் காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

கரையில் ஊரே நின்றது. ரீத்தா இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து, வள்ளத்தில் தெரிந்த தலைகளை எண்ணினாள். நாலு. வள்ளத்தின் பக்கவாட்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் சிலுவையைத் தோளில் தூக்கினார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "கண்டுபிடிக்க விடாம ரொம்ப நேரம் நானே மறிச்சிக்கிட்டு இருந்தேன்," என்றான். அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொம்மைக்கு உடம்பு தேறும்வரை பெரிய வள்ளம் சிலுவையின் பொறுப்பு என்று முடிவாயிற்று. அடுத்த முறை கடலுக்கு இறங்கிய விடியலில் கஸ்பார் அணியத்தில் போய் உட்கார்ந்தார். இன்னாசி இஞ்சினில் கை வைத்தான். ஊர் மெச்சிய தலைவனுக்கு மரியாதை தர வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள் போல. இருவரும் வாயே திறக்கவில்லை.

"எந்தப் பக்கம் விடலாம்?" என்று கேட்டான் சிலுவை.

"நீ சொல்லுத பக்கம்," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

சிலுவை சுக்கானை விட்டுவிட்டு, வள்ளத்தின் நடுப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"இஞ்சின எடுக்காத இன்னாசி," என்றான். "யாராவது ஒருத்தர் இல்லன்னு சொல்லாம இந்த வள்ளம் கெளம்பாது."

கஸ்பார் இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி காற்றில் விரலைத் தூக்கிப் பார்த்தான். "தெக்க," என்றான்.

"ஒனக்கென்னலே தெரியும்," என்றார் கஸ்பார்.

சிலுவை எழுந்து சுக்கானைப் பிடித்தான்.