ராசப்பன் எடுத்துக் கொடுத்த வசனம்

1979, கர்க்கடக மாத மழை. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பழைய மிளகுக் கிடங்கை ஒத்திகைக்காகப் பிடித்திருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. மிளகு போய் எத்தனையோ வருஷமாகியும் நெடி போகவில்லை.

நான் ராமபத்ரன். பதினோரு வருஷம் நாடக சமிதி நடத்தியவன். அத்தனை வருஷமும் திரைக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தவன் ராசப்பன். எங்கள் கதாநாயகன் வெங்கிட்டு ஒரு வரிகூடப் பாடம் பண்ண மாட்டான். ராசப்பன் கிசுகிசுப்பதை அவன் வாய் அப்படியே திருப்பிச் சொல்லும். கைதட்டல் மட்டும் அவனுக்கு!

அதற்கு முந்தைய மாதம் எங்கள் புது நாடகம், நாங்கள் போடும் முன்பே, வேறொரு சமிதியின் மேடையில் வரிக்கு வரி அரங்கேறியது.

"நோட்டு யார் கையில இருக்கு அண்ணா?" என்றான் வெங்கிட்டு. அவ்வளவுதான் கேட்டான்.

எல்லோர் முன்னிலையிலும் ராசப்பனைத் துரோகி என்று சொல்லி வெளியே தள்ளினேன். "சாமி, நான் செய்யலை" என்றான். சொந்தமாகப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மறுநாள் வைப்பின் தீவுக்குப் போகும் படகிலிருந்து காயலில் விழுந்து செத்தான்.

அன்று ஒத்திகையில் அவன் நாற்காலி காலி. வெங்கிட்டு திணறப் போகிறான் என்று நினைத்தேன். வசனம் மடமடவென்று வந்தது. எனக்குச் சந்தோஷம்கூட.

பிறகுதான் கேட்டது.

திரைக்குப் பின்னால் கிசுகிசுப்பு.

காயல் சேற்றின் வாடை.

வெங்கிட்டு அதே கம்பீரக் குரலில் சொன்னான்: "நோட்டைப் பகர்த்தி, வரிக்கு வரி எழுதி அவாளுக்குக் குடுத்தது நானாக்கும். ராசப்பன் பாவம், ஒண்ணும் அறியமாட்டான்."

சொன்ன பிறகே அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. "அண்ணா, நான் சொல்லலை... உள்ளேர்ந்து யாரோ..." மழையில் இறங்கி ஓடினான்.

கூடப் பிறக்காத தம்பி என்று நினைத்திருந்தேனே, பாவி. ஆனால் அவனாவது வெளியாளிடம் நோட்டைத்தான் கொடுத்தான். நான் ஒரு கேள்விக்கு ராசப்பனையே கொடுத்துவிட்டேன்.

திரையை விலக்கினேன். காலி நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாமி," என்றது காதருகே. "இனி உங்க டயலாக்."

சமிதியைக் கலைத்து ஏழு வருஷமாகிறது. சுள்ளிக்கல்லில் தனியாக இருக்கிறேன். யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சேற்று வாடை வரும்.

"உங்க டயலாக், சாமி."

மன்னிப்புக் கேட்டேன். அழுதும் பார்த்தேன். என் டயலாக் அது இல்லையாம். ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவன், எனக்கு மட்டும் முதல் வார்த்தையைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறான்.